தோட்டப் பாடம்: மண்ணைப் பிடிப்போம், பிறகு விதைப்போம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையால் மலையகத்தின் பல இடங்களில் மண் சரிந்தது. வீடும் மரக்கறிப் பாத்தியும் ஒன்றாகப் போயின. இடம்பெயர்ந்து, உடப்புசல்லாவைப் பக்கத்தில் புதிய சரிவொன்றில் மண்வெட்டி பிடிக்கும் குடும்பங்களுக்காகவே இந்தப் பாடம்.

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின், மார்ச், ஏப்ரல் மாதப் பிற்பகல் இடிமழையை நம்பி விதைக்கிறோம். விவிலியத்தின் விதைப்பவர் உவமையில் பாறை நிலத்து விதை விரைவாக முளைத்தும் காய்ந்துபோனது. விதையில் குறையில்லை, மண்ணுக்கு ஆழமில்லை. மேல்மண் கழுவுண்டு போனால் நம் காணியும் அந்தப் பாறை நிலமே.

1. மட்டம் பார்ப்போம்

ஆறடிக் கம்புகள் இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டிக் கால்களை விரியுங்கள். நடுவில் குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். கால்கள் நிற்கும் இடங்களை அடையாளமிட்டு, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி கோடு போடுங்கள். இரண்டுக்கும் சரிநடுவே மட்டக் குறி.

சரிவில் ஒரு காலை ஊன்றி, நூல் அந்தக் குறியில் நிற்கும்வரை மறுகாலை மேலும் கீழும் நகர்த்துங்கள். அங்கே முளை அடித்து, அப்படியே குறுக்காகத் தொடருங்கள். முளை வரிசையில் கல் அடுக்கி மானாப்புல்லை நெருக்கமாக நடுங்கள். பாத்திகளும் இதற்கு இணையாகவே அமைய வேண்டும். மேலிருந்து கீழாகப் போட்ட பாத்தி மழைக்கு வாய்க்கால் ஆகிவிடும்.

ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடிதான். மேல்வீட்டார் வெட்டும் கான் கீழ்வீட்டார் சுவரில் முடியலாம். ஆகவே மட்டக்கோடு வேலியோடு நிற்கக்கூடாது. அயலவர் சேர்ந்தே இழுக்க வேண்டும்.

2. புளிப்பை ஆற்றுவோம்

தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும், பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை போதும். கோவா, பீட்ரூட், கரட் முதலியவற்றுக்கு 6 அளவிலாவது வேண்டும். புளிப்பு மண்ணில்தான் கோவாவின் வேர் வீங்கி முடிச்சாகும் நோய் பெருகுகிறது. விதைப்புக்குச் சில வாரம் முன்பே டொலமைட் தூவிக் கொத்திவிடுவோம். மண்ணைச் சோதித்து, விவசாயப் போதனாசிரியரிடம் அளவைக் கேட்டுக்கொள்வோம்.

3. விதைப்போம்

முள்ளங்கி ஆறேழு வாரத்தில் கைக்கு வரும். போஞ்சி இரண்டு மாதத்தில், கரட் மூன்று மாதத்தில் வரும். லீக்ஸ் இன்னும் தாமதிக்கும். கையில் காசில்லாத வீடு முள்ளங்கியையும் கீரையையும் முந்தி விதைக்கட்டும். கரட்டை நாற்றாக நடாமல் நேரே விதையுங்கள். பச்சைச் சாணம் இட்டால் கிழங்கு கிளைவிடும். மக்கிய எருவே நல்லது.

எச்சரிக்கை: நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீர் ஊற்று, கலங்கல் நீர் கண்டால் பாத்தியை விட்டு உடனே விலகுங்கள், கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். சரியத் தொடங்கிய மலையைப் புல்வரிசை தாங்காது.

கூடிப் பேச:

1. மேலிருந்து வரும் நீர் எங்கே போகிறது? அதன் வழியில் யாருடைய வீடு இருக்கிறது?
2. காணி உறுதி இல்லாததால் புல்வரிசை நடத் தயங்குகிறோமா? இதுபற்றித் தோட்ட நிர்வாகத்திடம் யார் யார் சேர்ந்து பேசுவது?
3. அடுத்த வகுப்புக்குள் முதல் மட்டக்கோட்டை எந்தக் காணியில் இழுப்போம்?