நம்மை நாமே தேடுவோம்

ஒருவரைப் பற்றி அறிய வேண்டுமானால் அவர் ஊரில் நாலு பேரிடம் விசாரிப்பது பழைய வழக்கம். இன்றோ வேலை கொடுப்போரும் வரன் பார்ப்போரும் இணையத்தையும் விசாரிக்கின்றனர். அங்கு நம்மைப் பற்றிக் கிடைக்கும் விடை சரியானதா என்று நாம் பார்த்ததுண்டா?

அமெரிக்காவில் ஒருவருடைய பெயரைக் கொடுத்தால் வயது, முகவரி, உறவினர் பெயர் ஆகியவற்றைத் தொகுத்து விற்கும் தளங்கள் பல உள்ளன. அங்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்கோ தந்தையின் முதலெழுத்தே துணை. கைலாசபுரத்தில் மட்டும் எத்தனை ‘எஸ். குமார்’கள் இருப்பர்! ஆகவே இங்கு ஆளை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் கைப்பேசி எண்ணே. சுவீடனில் 2009-ல் தோன்றிய ட்ரூகாலரில் எண்ணைக் கொடுத்தால் பெயர் வந்துவிடுகிறது.

வெளியே சென்ற செய்தியைத் திரும்பப் பெறுவது எளிதன்று. குற்ற வழக்கில் 2014-ல் விடுதலையான ஒருவர், இணையத்திலுள்ள தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்கக் கோரி வழக்காடினார். 2024 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. விடுதலை பெற்றவருக்கே இந்த அலைச்சல் எனில், முன்னெச்சரிக்கையின் அருமை விளங்கும்.

நாம் செய்யத்தக்கவை யாவை?

1. நம் பெயர், ஊர், கைப்பேசி எண் ஆகியவற்றை இணையத்தில் தேடிப் பார்க்க வேண்டும். முகவரியோ எண்ணோ தோன்றினால் அம்முடிவை நீக்குமாறு கூகுளிடம் கோரலாம். ஆயினும் மூலத் தளத்தில் அது நீடிக்கும். அங்கும் எழுதிக் கேட்க வேண்டும்.

2. ட்ரூகாலரில் கணக்கு இருப்பின் அதை மூடிய பிறகு, எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்க அத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

3. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பெயரிலுள்ள சிம் இணைப்புகளைக் காணலாம். நமதல்லாத எண் இருப்பின் அங்கேயே தெரிவிக்கலாம்.

4. சிபில் முதலிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்காத கடன் நம் பெயரில் உள்ளதா என அதில் தெரியும்.

5. ஆதார் நகல் கேட்கப்படும் இடங்களில், ஏற்றுக்கொள்வார்களாயின், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலைத் தரலாம்.

6. பள்ளிச் சான்றிதழ், ஆதார், வாக்காளர் பட்டியல் மூன்றிலும் பெயரின் எழுத்துகளை ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருப்பின் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே திருத்துவது நலம்.

சட்டமும் துணைக்கு வருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமை, விதிகள் வெளியாகிப் பதினெட்டு மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் என்பது ஏற்பாடு.

நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். இவற்றைச் சொல்லித்தர வீட்டில் முன்னோடிகள் இல்லை. கேட்ட இடத்திலெல்லாம் கைரேகை வைத்தும் நகல் கொடுத்தும் பழகியவர்கள் நம் பெற்றோர். ஆகவே நம் பெயரோடு அவர்கள் பெயரையும் சேர்த்துத் தேடுவோம். கற்ற கல்வி வீட்டுக்குப் பயன்படும் வழிகளில் இதுவும் ஒன்றன்றோ!