மருந்துக் கடையின் கல்லாவும் கையில் வரும் ரசீதும்

புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரிடம் மருந்துச் சீட்டோடு மருந்துக் கடை ரசீதையும் நாங்கள் கேட்பது வழக்கம். “பணக் கணக்கு உங்களுக்கு எதற்கு, டாக்டர்?” என்று சிலர் வியப்பதுண்டு. தொகையை நாங்கள் பார்ப்பதே இல்லை. நாங்கள் எழுதிய மருந்துதான் வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்பதை அத்தாளில் தேடுகிறோம். அத்தாளைக் கணினி எவ்வாறு அச்சிடுகிறது என்பதை அறிந்தால், எந்த இடத்தில் ஐயப்பட வேண்டும் என்பதும் உங்களுக்கு விளங்கும்.

முதலில் மளிகைப் பொருளைக் கவனிப்போம். கடலூர் லாரன்ஸ் சாலையிலோ சிதம்பரத்தின் தேர் வீதிகளிலோ ஒரு பெரிய கடையில் சோப்பு வாங்குகிறீர்கள். அதன் உறையிலுள்ள கறுப்புக் கோடுகளின் மீது சிவப்பு ஒளி படுகிறது. ‘பீப்’ என்ற ஒலி எழுகிறது. அக்கோடுகளில் விலை எழுதப்பட்டிருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். அவற்றில் இருப்பது 13 இலக்க எண் ஒன்று மட்டுமே. இந்தியாவில் பதிவுபெற்ற நிறுவனங்களின் எண் 890 என்று தொடங்கும். கணினி அவ்வெண்ணைத் தன் பட்டியலில் தேடிப் பெயரையும் விலையையும் எடுத்து, வரியைக் கணக்கிட்டு, இருப்பில் ஒன்றைக் கழித்து, ரசீதை அச்சிடுகிறது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தில் தொடங்கிய முறை இது.

இம்முறையில் அழகான காவல் ஒன்று உண்டு. பதின்மூன்றாம் இலக்கம் சரிபார்ப்பு இலக்கமாகும். முதல் 12 இலக்கங்களை இடமிருந்து மாறி மாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையை, அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு தேவையோ அதுவே அந்த இலக்கம். 890123456789 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 130. ஆகவே இறுதி இலக்கம் 0. கசங்கிய உறையினால் ஏதேனும் ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டால் கணக்கு ஒத்துவராது; கருவி ஒலி எழுப்பாது. பத்து ரூபாய்ச் சோப்புக்கே இத்தனை பாதுகாப்பு.

மருந்துக் கடைக்கு வருவோம். நம் ஊர்க் கடைகள் பலவற்றில் மாத்திரை அட்டையின் மீது சிவப்பு ஒளி படுவதில்லை. அட்டைகள் அடங்கிய பெட்டியில் கோடுகள் இருக்கலாம்; கத்தரித்துக் கொடுக்கும் பத்து மாத்திரைகளில் இருப்பது அரிது. எனவே ஊழியர் மருந்தின் பெயரில் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டச்சு செய்கிறார். அவ்வெழுத்துகளில் தொடங்கும் மருந்துகள் எல்லாம் திரையில் வரிசையாக விரிகின்றன. அம்புக்குறியை நகர்த்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். ஒரு வரி தவறினால் கணினி மறுப்பதில்லை. வேறொரு மருந்தை, அதன் சரியான விலையோடும் சரியான வரியோடும் அச்சிட்டுவிடும். பெயருக்குச் சரிபார்ப்பு இலக்கம் கிடையாது.

இது கற்பனையான அச்சம் அன்று. முடக்குவாதத்துக்காக எங்களிடம் வந்த ஒரு பெண்மணிக்கு, மெத்தோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம் மாத்திரையை வாரம் ஒரு நாள் மட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில், எடுத்துக்கொள்ள எழுதியிருந்தோம். அதன் பக்க விளைவைத் தணிக்க மற்ற ஆறு நாட்களும் ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம். ஃபோலிக் அமிலத்தின் வணிகப் பெயர் ஒன்றும் மெத்தோட்ரெக்சேட்டின் வணிகப் பெயர் ஒன்றும் அதே மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்குகின்றன. இரண்டிலும் 5 மில்லிகிராம் மாத்திரை உண்டு. இரண்டும் பெரும்பாலும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரைகள். அவருக்குக் கிடைத்தவை இரண்டுமே மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு 7.5 மில்லிகிராமுக்குப் பதிலாக 37.5, அதாவது ஐந்து மடங்கு, உடலுக்குள் சென்றது. அதைத் தணிக்கும் மருந்தோ செல்லவே இல்லை.

இரண்டு வாரங்களில் வாய் முழுதும் புண்ணும் காய்ச்சலுமாக அழைத்து வந்தனர். வெள்ளணுக்கள் அபாயகரமாகக் குறைந்திருந்தன. காரணம் புரியாமல் நாங்கள் திகைத்தபோது மகன் ரசீதை நீட்டினார்; எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகியிருந்தது. நல்லவேளையாக, வாங்கிய அன்றே அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். மெத்தோட்ரெக்சேட் என்ற பெயர் அப்படத்தில் இரண்டு வரிகளில் இருந்தது. உடனே ஃபோலினிக் அமில ஊசி தொடங்கினோம். (ஃபோலிக், ஃபோலினிக்: பெயர்க் குழப்பம் மருத்துவமனைக்கு உள்ளேயும் காத்திருக்கிறது!) அவர் நலமடைந்து வீடு திரும்பினார்.

தாள் வெளுத்ததற்கும் காரணம் உண்டு. இவ்வகை ரசீதுகளில் மை இல்லை. வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சு உள்ள தாள் அது. வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் எழுத்து விரைவில் மறைந்துவிடும். ஆகவே அன்றே படம் எடுங்கள், அல்லது நகல் எடுங்கள்.

கடை முகப்பை விட்டு நகருமுன் மருந்துச் சீட்டையும் ரசீதையும் மாத்திரை அட்டையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெயரின் முதல் எழுத்துகளோடு நிற்காமல் இறுதி எழுத்து வரை ஒப்பிடுங்கள். வணிகப் பெயர் மாறியிருந்தால் அட்டையில் அச்சாகியுள்ள மூல மருந்தின் பெயரைப் பாருங்கள். மில்லிகிராம் அளவையும் எண்ணிக்கையையும் சரிபாருங்கள்: வாரம் ஒரு முறை எடுக்கும் மருந்துக்கு மாதம் முப்பது மாத்திரைகள் வந்திருந்தால் அங்கேயே கேட்டுவிட வேண்டும். கண் பார்வை குறைந்தோர் மருந்தாளுநரையே உரக்கப் படிக்கச் சொல்லலாம். அவர் தவறாக எண்ணமாட்டார். பணம் வந்துவிட்டதென அறிவிக்கும் ஒலிபெருக்கி பணத்தைப் பற்றி மட்டுமே சொல்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

2023 ஆகஸ்ட் 1 முதல் 300 முன்னணி மருந்துப் பெயர்களின் உறையில் கியூஆர் குறியீடோ பட்டைக் கோடோ கட்டாயமாகியுள்ளது. அதனைக் கைப்பேசியால் படித்து மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றை நீங்களே காணலாம். அட்டையைக் கத்தரித்து வாங்கும்போது இவ்விவரங்கள் கடையிலேயே தங்கிவிடுவதுண்டு. பின்னாளில் ஒரு தொகுதி தரமற்றது எனத் திரும்பப் பெறப்பட்டால், உங்கள் வீட்டு மாத்திரையும் அதைச் சேர்ந்ததா என்று கண்டறிய ரசீதில் அச்சான தொகுதி எண் ஒன்றே மிஞ்சும். அவ்வெண் இல்லாத ரசீதைப் பெற்றால், அதைக் கையால் எழுதித் தரும்படி கடையில் கேளுங்கள்.