கண்மாய்க் கரை விஷமூங்கில்: அதன் இயல்பும் கையாளும் முறையும்

புதுக்கோட்டை ஜில்லா ஏரிப் பாசனத்தையே பெரிதும் நம்பியிருக்கும் பிரதேசமாகும். இங்குள்ள கண்மாய்களின் ஓரத்திலும், வரத்துவாரிகளின் இருபுறத்திலும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின், நீண்ட பச்சை இலைகளின் நடுவே வெண்மையான பூங்கொத்துடன் ஒரு கிழங்குச் செடி நிற்பதைக் காணலாம். இதுவும் இதன் இனத்தைச் சேர்ந்த தோட்டச் செடியும் விஷமூங்கில் எனப்படும். பூ அழகியது, கிழங்கோ நஞ்சுடையது. ஆகையால் நிலமுடையோரும் கிராம அலுவலர்களும் இதனை நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

இனமும் அடையாளமும்

தாவர நூலார் இவ்வினத்திற்கு இட்ட பெயர் கிரைனம் என்பது. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இப்பெயரை வழங்கினார். உஷ்ணப் பிரதேசங்களின் சதுப்பு நிலங்களிலும் ஆற்றோரங்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தோட்டங்களிலும் பூங்காக்களிலும் வளர்க்கப்படும் கிரைனம் ஏசியாட்டிக்கம். இதன் இலை மூன்று நான்கு அடி நீளமும் நான்கைந்து அங்குல அகலமும் உடையது. ஒரு தண்டில் இருபதுக்கு மேற்பட்ட பூக்கள் விரியும். இரண்டாவது, நீரோரங்களில் தானே வளரும் கிரைனம் விவிபேரம். பழைய நூல்களில் டெஃபிக்ஸம் என்றும் காணப்படும். இதன் இலை ஒடுங்கியது, வாய்க்கால் போல் குழிந்தது. பூக்களும் எண்ணிக்கையில் குறைவு. இரண்டிலும் பூக்கள் மாலையில் விரிந்து இரவில் மணம் வீசும். அம்மணத்தை நாடி வரும் பெரிய அந்துப்பூச்சிகளே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன.

விருத்தியாகும் விதம்

இதன் விதை மற்ற விதைகளைப் போன்றதன்று. கடினமான விதையுறை இதற்கு இல்லை. பருத்துச் சதைப்பற்றுள்ள இவ்விதை தனக்கு வேண்டிய நீரைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், மண்ணும் ஈரமும் இன்றியே முளை விடும். மேற்புறம் தக்கை போலிருப்பதால் நீரில் மிதந்து செல்லும். ஒரு கண்மாயின் கலிங்கு வழிந்தால் அடுத்த கண்மாயிலும் இச்செடி தோன்றுவதற்கு இதுவே காரணம். வளர்க்க விரும்புவோர் விதையை உலர்த்திச் சேமிக்கலாகாது. உதிர்ந்தவுடன் மண்மேல் பதித்துவிட வேண்டும். பக்கக் கிழங்குகளைப் பிரித்து நட்டால் இன்னும் விரைவில் பூக்கும்.

நச்சுத் தன்மை

செடியின் எல்லாப் பாகங்களிலும், சிறப்பாகக் கிழங்கில், லைக்கோரின் என்னும் காரப்பொருள் உள்ளது. உட்கொண்டால் குமட்டலும் வாந்தியும் உண்டாகும். இக்குணம் பற்றியே 1868-இல் வெளிவந்த இந்திய மருந்து நூலில் இக்கிழங்கு வாந்தி மருந்தாக இடம்பெற்றிருந்தது. எனினும், வீட்டில் இதை அரைத்துக் கொடுப்பது ஆபத்தானது. அளவு சிறிது மிகினும் தீங்கு நேரும். கிழங்கு பார்வைக்கு வெங்காயத்தை ஒத்திருப்பதால் குழந்தைகள் எடுத்துத் தின்னவும் கூடும். தவறி உட்கொண்டவரை, கிழங்கின் துண்டுடன், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கால்நடைகள் இதைத் தாமாக மேய்வது அரிது. ஆயினும், கோடையில் கண்மாய் உள்வாயில் புல்லறுக்கும்போது இவ்விலைகள் கட்டோடு கலந்து தொட்டிக்கு வந்துவிடலாம். புல்லை உதறிப் பார்த்துப் போடுதல் நலம்.

கண்மாயில் வைப்பதா, அகற்றுவதா?

இதற்கு ஒரே விடை கூறுவதற்கில்லை. இடத்தைப் பொறுத்து முடிவு செய்ய வேண்டும். நீர் விளிம்பில் அடர்ந்து நிற்கும் குத்துக்கள் தம் வேர்களால் மண்ணைப் பிடித்து, அரிப்பைச் சிறிது தடுக்கும். அங்கே அவற்றை வேரோடு பிடுங்கினால் கரை மண் இளகும். ஆனால் வரத்துவாரியின் நடுவிலும் மடை வாயிலும் வளர்ந்தவை வண்டலைத் தேக்கி நீரோட்டத்தை மறிக்கும். இவற்றை மழைக்கு முன், ஆவணிக்குள், கிழங்கோடு தோண்டி எடுத்தல் வேண்டும். இலையை மட்டும் அறுத்தால் மீண்டும் தழைக்கும். தோண்டிய கிழங்கை நீரில் எறியாமல் மேட்டில் உலர்த்த வேண்டும். கரையைக் காப்பது மண் வேலையும் கல் வேலையுமே. செடி அதற்குத் துணை மாத்திரமே.

கண்வலிக் கிழங்கு பயிரிடுவோர் கவனத்திற்கு

கருமேனியில் சிவப்பும் வெண்மையுமான புள்ளிகள் கொண்ட ஒரு புழு விஷமூங்கில் இலைகளைக் கூட்டமாகத் தின்னும். செங்காந்தளாகிய கண்வலிக் கிழங்கின் இலைகளை அழிப்பதும் இப்புழுவே. ஆகையால் அப்பயிர் உள்ள நிலத்தின் வேலியில் விஷமூங்கிலை அழகுக்காக நடலாகாது. முன்னரே இருப்பின், இலையடியில் முட்டைக் குவியல்களைத் தேடி அழித்து, புழுக்களைக் கையால் பொறுக்கிச் சோப்பு நீரில் இட வேண்டும்.

சுருங்கக் கூறின்

1. கிழங்கை மருந்தாகவோ உணவாகவோ கொள்ளற்க.
2. கரை விளிம்பில் விடுக. வாரியிலும் மடையிலும் அகற்றுக.
3. கண்வலிப் பயிருக்கு அருகில் வளர்க்கற்க.
4. கிராம நிர்வாக அலுவலர்களும் பாசன சங்கத்தாரும் மழைக்கு முன் வரத்துவாரிகளைப் பார்வையிடும்போது இச்செடியையும் கவனத்திற் கொள்க.