‘போதுமா?’ ‘போதும்’ ஆகிவிடும் இடம்

ஆராதனை முடிந்து சபையார் வீடு போய்ச் சேர்வதற்குள் பிரசங்கத்தின் எழுத்து வடிவம் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறது. ஜும்ஆ பயானும் கோயில் உபன்யாசமும் இப்படி எழுத்தாகத் தொடங்கிவிட்டன. ஒலிப்பதிவை ஏற்றினால் மென்பொருள் முதலில் பேச்சை எழுதித் தருகிறது. பிறகு அதிலிருந்தே கட்டுரை, தின தியானம், முகநூல் பதிவு என்று கேட்டதையெல்லாம் ஆக்கித் தருகிறது. காது கேளாதவர்களுக்கும், வேலைக்குப் போனதால் வர முடியாதவர்களுக்கும் இது பெரிய உதவி. இந்த உதவி கெட்டுப்போகக் கூடாது என்பதால்தான் இதைச் சுற்றி வளர்ந்திருக்கும் சில நம்பிக்கைகளைத் திருத்தியாக வேண்டும்.

“சொற்பொழிவை எழுத்தாக்குவது கணினி காலத்து வேலை”

விவேகானந்தரின் கர்மயோகம் நமக்குப் புத்தகமாகக் கிடைத்ததே ஒரு சுருக்கெழுத்தாளரால்தான். ஜே. ஜே. குட்வின் என்ற அந்த ஆங்கிலேய இளைஞர் 1895 டிசம்பரில் நியூயார்க்கில் கூலிக்கு வேலைக்கு வந்தார். பிறகு சீடராகவே உடன் வந்துவிட்டார். 1897இல் விவேகானந்தர் கொழும்பில் இறங்கி இராமநாதபுரம், மதுரை, கும்பகோணம், சென்னை என்று பேசிக்கொண்டே வந்தபோது உடனிருந்து எழுதியவரும் அவரே. மறு ஆண்டு ஜூன் 2ஆம் தேதி உதகமண்டலத்தில் இறந்தார். அப்போது அவருக்கு 27 வயது.

லண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகர் ஞாயிறன்று பேசியதைச் சுருக்கெழுத்தாளர்கள் எழுதிக்கொள்வார்கள். திங்களன்று அவரே உட்கார்ந்து அதைத் திருத்துவார். வியாழனன்று ஒரு பென்னி விலையில் அச்சுப் பிரதி கைக்கு வந்துவிடும். 1855இல் தொடங்கிய அந்த வெளியீடு, 1892இல் அவர் இறந்த பிறகும் 1917 வரை வந்துகொண்டிருந்தது. காஞ்சிப் பெரியவரின் உரைகளைப் பொருள்வாரியாகத் தொகுத்து ‘தெய்வத்தின் குரல்’ ஏழு பகுதிகளை ரா. கணபதி உருவாக்கினார். பேச்சின் பொருள் அறிந்த ஒருவர் எழுத்தின் பக்கத்தில் இருந்தார் என்பதே இந்த மூன்றுக்கும் பொது. இன்றைய முறையில் விடுபட்டுப்போவது அந்த ஆள்தான்.

“மென்பொருள், காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது”

பலர் உறுதியாக நம்புவது இதைத்தான். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருளை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் திரட்டிய 6,80,000 மணி நேர ஒலியையும் அதற்குரிய எழுத்தையும் கொண்டு பழக்கப்பட்டது அது. ஒலியை 30 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் அதிர்வெண் படமாக்கி, அந்தப் படத்துக்கு எந்தச் சொல் பொருந்தும், அதன் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக்கொண்டே போகிறது. கணிப்பு என்பதால், சரியாகக் கேட்காத இடத்திலும் பெரும்பாலும் தடுமாற்றமில்லாத ஒரு வாக்கியம் வந்து விழும். படிப்பவருக்குச் சந்தேகமே வராது.

இன்னும் கவலைக்குரியது மௌனம். விஸ்பரின் எழுத்துப்படிகளை ஆராய்ந்து 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நூற்றில் ஒரு துண்டில் யாருமே பேசாத சொற்றொடர்கள் இருந்தன. பேச்சுக்கிடையே நீண்ட இடைவெளி விடுகிறவர்களின் பதிவுகளில் இது கூடுதலாகவே நேர்ந்தது. நல்ல போதகர் எங்கே நிறுத்துவார்? சொன்னது மனத்தில் இறங்கட்டும் என்று நினைக்கும் இடத்தில். மௌன ஜெபத்துக்கு அழைத்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். அவர் வேண்டுமென்றே வெறுமையாக விட்ட அந்த இடத்தில்தான் அவர் சொல்லாத சொல் ஏறிக்கொள்ளும் அபாயம் அதிகம்.

“100 சொல்லில் 95 சரியென்றால் போதும்”

துல்லியத்தை அளக்கும் வழக்கமான முறை, தவறிய சொற்களை எண்ணுவது. தமிழுக்கு இந்தக் கணக்கு சரியாக ஒத்துவராது. ‘வந்துகொண்டிருந்தார்’ என்பதை ‘வந்து கொண்டிருந்தார்’ என்று பிரித்து எழுதினால், சொல் மாறியதற்கு ஒன்று, சொல் கூடியதற்கு ஒன்று என இரண்டு பிழை சேரும். பொருளில் ஒரு நஷ்டமும் இல்லை. மாறாக, “பணம் இருந்தால் போதுமா?” என்று போதகர் கேட்டது “பணம் இருந்தால் போதும்” என்று வந்தால் கணக்கில் ஒரே பிழைதான், பிரசங்கமே தலைகீழாகிவிட்டது. கேள்வி கேட்டே பேச்சை நகர்த்துவது நம் மேடைகளின் பழக்கம். கேள்வியைத் தாங்குவதோ கடைசியில் ஒட்டும் ஓர் ஆகாரம். கீபோர்டு இசையிலும் “ஆமென்” முழக்கத்திலும் முதலில் அமிழ்ந்து போவது அதுதான்.

‘என்று’ இன்னொரு ஆபத்து. “ஏழையாகப் பிறந்தது அவனவன் பாவம் என்று சிலர் சொல்கிறார்கள், அது தவறு” என்று ஒருவர் பேசுகிறார். தமிழில் அடுத்தவர் கருத்து முதலில் வரும். அது அடுத்தவருடையது என்ற அறிவிப்பு பின்னால்தான் வரும். முகநூலில் பகிரும் படத்தில் போட அழகான ஒரு வரியைத் தேடும் மென்பொருள் முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்து, கீழே போதகரின் பெயரைப் போட்டுவிட்டால், அவர் கண்டித்த கருத்துக்கு அவரே சொந்தக்காரராகிவிடுகிறார். இப்படிப்பட்ட பிழைக்கு மன்னிப்பு வெளியிட்டாலும் அந்தப் படம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

“தமிழெல்லாம் இதற்கு வராது”

வருகிறது. தமிழ் உள்ளிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளுக்காக மெட்டா நிறுவனம் 2023இல் வெளியிட்ட பேச்சறி மென்பொருள், புதிய ஏற்பாட்டு வாசிப்புப் பதிவுகளையும் கொண்டு பழக்கப்பட்டது. சமய ஒலிப்பதிவுகள் இந்தத் துறைக்கு அப்படி உதவியிருக்கின்றன. ஆனால் நிதானமான வாசிப்பு வேறு, உணர்ச்சி ஏறிய மேடைப் பேச்சு வேறு. எதிரொலிக்கும் மண்டபத்தில் நடுவில் வைத்த கைபேசியைவிட, பேசுபவரின் ஒலிவாங்கியிலிருந்து நேராக எடுத்த பதிவு எவ்வளவோ மேல்.

“கட்டுரையாக்குவது வெறும் சுருக்கம்தானே”

இல்லை, அது இரண்டாவது கணிப்பு. முதற்கட்டத்தில் நுழைந்த பிழையை உண்மையென்று எடுத்துக்கொண்டு அதன்மேல் கட்டுகிறது. போதகர் பாதி நினைவில் சொன்ன வசனத்துக்கு அதிகாரமும் வசன எண்ணும் தானாகவே சேர்க்கும். அந்த எண்ணில் வேறு வசனம் இருக்கலாம். திருமுறைப் பாடலுக்கும் ஹதீஸுக்கும் இதே கதிதான். ஆகவே மேற்கோள் ஒவ்வொன்றையும் மூல நூலைத் திறந்து ஒப்பிட வேண்டும். கட்டுரையின் ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் ஒலிப்பதிவின் நிமிடக் குறியீடு இருக்க வேண்டும். கேள்விகளையும் ‘இல்லை’களையும் ‘என்று’களையும் அன்று நேரில் கேட்டிருந்த ஒருவர் ஒலியோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பர்ஜன் திங்கட்கிழமை செய்த வேலையை, முடிந்தால், பேசியவரே செய்ய வேண்டும். ஒரு மணி நேரப் பிரசங்கத்துக்கு இன்னொரு மணி நேரமாவது பிடிக்கும். அதைக் கொடுக்க முடியாத வாரத்தில் ஒலிப்பதிவை மட்டும் பகிர்ந்தால் போதும்.

“இணையத்தில் ஏற்றாமல் முடியாது”

முடியும். விஸ்பர் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடப்பட்டது. ஓரளவு நல்ல கணினியில் இணையத் தொடர்பே இல்லாமல் ஓடும். பதிவின் கடைசியில் ஜெப விண்ணப்பங்கள் வரும் சபைகள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இன்னாருக்குப் புற்றுநோய், இன்னார் வீட்டில் கணவன் மனைவி பிரிவு என்று பெயர் சொல்லி வாசிக்கப்படும் பகுதி அது. கூடியிருந்தவர்களை நம்பிச் சொன்னது அது. எழுத்தாகிவிட்டால் யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். எந்த மென்பொருளுக்குள் போவதற்கும் முன்பே பதிவிலிருந்து அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.