மின்சாரம் நின்ற நாட்களில்

2011 டிசம்பர் 30ஆம் நாளை நம் வட்டாரத்து அங்கத்தினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன. 1962 முதல் அனல்மின் உற்பத்தி நடைபெறும் நெய்வேலி, காடாம்புலியூருக்கு அண்மையிலேதான் இருக்கிறது. ஆயினும் சுற்றுக் கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரியருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலும் அந்த அச்சத்தை நினைவூட்டிற்று. எனவே ஐப்பசி பிறக்குமுன் செய்யத்தக்கவற்றை இங்குக் காண்போம்.

முதலில் தண்ணீர். மின்சாரம் நின்றால் விளக்கைப் பற்றியே கவலைப்படுகிறோம். ஆனால் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் நின்றால் மேல்நிலைத் தொட்டியும் வறண்டுவிடும். குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டராவது வேண்டும். ஐவர் கொண்ட குடும்பத்திற்கு மூன்று நாட்களுக்கு 225 லிட்டர் ஆகும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே பீப்பாய்களையும் குடங்களையும் நிரப்பி மூடிவைத்தல் வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் காய்ச்சாமல் பருகலாகாது.

அடுத்தது வெளிச்சம். இன்வெர்ட்டர் வைத்திருப்போர் ஒரு கணக்கை அறிதல் நன்று. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியளவே பயன்படுத்துவதானால் 900 வாட்-மணி கிடைக்கும். 75 வாட் மின்விசிறி இரவில் 8 மணி நேரம் சுழன்றால் 600 வாட்-மணி தீர்ந்துவிடும். இரண்டாம் இரவு முடியுமுன் வீடு இருளும். விசிறியை விடுத்து, 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டை மாலையில் 4 மணி நேரம் மட்டும் எரித்து, மற்ற நேரத்தில் இன்வெர்ட்டரை நிறுத்திவைத்தால் ஐந்து நாட்களேனும் தாங்கும். மார்கழிக் குளிரில் விசிறி எதற்கு? குழித்தறி மின்சாரமின்றி ஓடும்; வெளிச்சமின்றி ஓடாது. ஆகவே நெசவாளர் பகற்பொழுதிலேயே நெசவை முடித்துக்கொள்வது சிக்கனம். மழைக்கு முன்பே தறிக்குழியைச் சுற்றி மண்கரை எழுப்பி, நூலை உயரத்தில் வைத்தலும் அவசியம்.

மூன்றாவது உயிர்ப் பாதுகாப்பு. ஜெனரேட்டரை வீட்டினுள்ளோ திண்ணையிலோ ஓட்டலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றியே ஆளைக் கொல்லும். ஜெனரேட்டர் மின்சாரத்தைச் சுவர்ப் பிளக்கில் செலுத்துவோரும் உண்டு. அது தெருக்கம்பி வழியே திரும்பி டிரான்ஸ்பார்மரை அடைந்து உயர் அழுத்தமாக மாறும். மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பமேறும் ஊழியர் மாண்டுபோவார். நம் வீட்டுக்கு வெளிச்சம் தர வந்தவரை நாமே கொல்வதா? சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்தாமல் ஜெனரேட்டரை வீட்டு இணைப்பில் சேர்க்கவே கூடாது. அறுந்து கிடக்கும் கம்பியருகே செல்லாமலும் மாடுகளை விடாமலும் இருந்து, 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்கோ மின்வாரிய அலுவலகத்திற்கோ உடனே தெரிவித்தல் வேண்டும்.

இவை வீட்டளவில் ஆவன. ஆயினும் வீட்டுக்கொரு ஜெனரேட்டர் வாங்க ஏழை அங்கத்தினரால் இயலாது. சங்கத்தால் இயலும். துணைவிதிகள் இடம் தருமாயின், பொதுநல நிதியிலிருந்து ஒன்றை வாங்கவோ வாடகைக்குப் பேசிவைக்கவோ புரட்டாசியிலேயே தீர்மானம் நிறைவேற்றலாம். அத்தீர்மானத்தில் முறையும் எழுதப்படல் வேண்டும்: முதலில் குடிநீர் மோட்டார், அடுத்து நோயாளிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகள், அதன் பின்னரே தொழிலும் மற்றவையும். டீசல் வரவு செலவுக்குத் தனிப் பதிவேடு வைத்து, வாரந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் நலம். முறை எழுதப்படாவிடில், தலைவர் வீட்டு விளக்கே முதலில் எரியும். அங்கத்தினரின் நம்பிக்கை அன்றே போய்விடும்.

மின்சாரம் மீண்டும் வரும் நாள் நம் கையில் இல்லை. அதுவரை எந்த வீட்டிலும் தண்ணீர்க்குடம் காலியாகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.