ஒருவர் செய்தி மற்றவர் கையில் சேர்வதேன்?

மாணவர்களே, ‘மேகம்’ என்னும் சொல்லை இப்பொழுது வானிலைப் பாடத்தில் மட்டுமன்றிக் கணினிப் பாடத்திலும் கேட்கின்றீர்கள். கைத்தொலைபேசி நீரில் விழுந்து பழுதான பின்னரும், அதில் எடுத்த படங்கள் புதிய கருவியில் மீண்டும் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். அப்படங்கள் இணையத்தின் வழியாகத் தொலைவிலுள்ள ஒரு பெரிய கட்டடத்திற்குச் சென்று, அங்கே வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ள கணினிகளில் பதிந்திருந்தமையால்தான் அவை திரும்பக் கிடைத்தன. இவ்வாறு பிறருடைய கணினிகளில் நம் பொருளை வைத்துக் காக்கும் ஏற்பாட்டையே மேகச் சேவை என்கின்றனர். பெயர்தான் மேகமேயொழிய, அஃது இருப்பது தரையிலேதான். சைபர்ஜெயாவிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய கட்டடங்கள் பல உள்ளன.

பள்ளியில் நீங்கள் பயன்படுத்தும் டெலிமா கணக்கும், பெற்றோர் பணம் செலுத்தப் பயன்படுத்தும் செயலிகளும் இம்முறையிலேயே இயங்குகின்றன. ஒரே சேவையில் பல இலட்சம் பேருடைய செய்திகள் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பிரித்து நிற்பது கற்சுவரன்று. இஃது இன்னாருடையது என்று ஒவ்வொன்றன்மீதும் இடப்பட்டுள்ள எண்ணே அவற்றைப் பிரிக்கின்றது. அவ்வெண் எங்கேனும் விடுபட்டால் ஒருவருடைய செய்தி மற்றொருவர் திரையில் வந்து நிற்கும். இதில் திருடன் எவனும் இல்லை. கடவுச்சொல்லை எவரும் களவாடவும் இல்லை. பொருளைக் காக்க ஒப்புக்கொண்டவரே அதனைத் தவறான கையில் கொடுத்துவிடுகின்றார். திருட்டைப் பற்றி நிரம்பப் பேசும் நாம், இதனைப் பற்றிப் பேசுவது குறைவு.

இஃது எவ்வாறு நேர்கின்றது? தோட்டத்து மளிகைக் கடையை எண்ணிப் பாருங்கள். எல்லாக் குடும்பங்களின் பற்றுக் கணக்கும் உள்ளறையில் ஒரு தடித்த பேரேட்டில் இருக்கின்றது. கேட்பவர் ஒவ்வொருவருக்கும் உள்ளே சென்று ஏட்டைப் புரட்டினால் வாடிக்கையாளர் வாசல்வரை நிற்க நேரும். ஆகவே கடைப்பையன் ஒருமுறை பார்த்த கணக்கைச் சிறு சீட்டில் எழுதி, அக்குடும்பத்தின் பெயரையும் குறித்து, மேசைமீதுள்ள ஆணியில் குத்தி வைக்கின்றான். மறுபடி அதே குடும்பத்தார் கேட்டால் சீட்டைப் பார்த்து உடனே சொல்லிவிடலாம். கணினியிலும் இத்தகைய ஆணி ஒன்று உண்டு. அதனைக் ‘கேஷ்’ என்பர். விரைவு நினைவகம் என்று நாம் சொல்லலாம். சேவை விரைவாக நடப்பதற்கு இஃது இன்றியமையாதது. ஆனால் சீட்டில் தொகையை எழுதிய பையன் பெயரை எழுதாது விட்டால், அடுத்து வருபவருக்கு முன்னவருடைய கணக்கே வாசிக்கப்படும்.

சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்தது இதுவே. கிராப் நிறுவனம் தன் செயலியில் ஒரு திருத்தம் செய்தது. அதுவரை, சொந்தக் கார் வைத்திருந்து வழியில் பிறரை ஏற்றிச் செல்லும் ‘ஹிட்ச்’ ஓட்டுநர் தம் விவரத்தைக் கேட்கும்பொழுது, செயலி அனுப்பும் இணைய முகவரியில் அவருடைய எண்ணும் சேர்ந்தே செல்லும். அந்த எண்ணை மாற்றிப் பிறர் விவரத்தைப் பார்த்துவிடக் கூடும் என்னும் அச்சத்தால், நிறுவனம் எண்ணை முகவரியிலிருந்து நீக்கியது. நோக்கம் நல்லதே. ஆயின், விரைவு நினைவகம் சீட்டுகளை அம்முகவரியைக் கொண்டே பிரித்து வைத்திருந்தது. எண் போனதும் எல்லா ஓட்டுநருக்கும் ஒரே முகவரியாகிவிட்டது. 10 விநாடிக்கு ஒருமுறைதான் சீட்டு மாற்றப்படும். அந்த 10 விநாடிக்குள் கேட்டவர்களுக்கு வேறு ஓட்டுநருடைய விவரம் போய்ச் சேர்ந்தது. காப்பதற்காகச் செய்த திருத்தமே காட்டிக் கொடுத்தது!

ஏறத்தாழ 40 நிமிடங்களில் திருத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குள் 5,651 ஓட்டுநர்களின் விவரங்கள் பிறர் பார்வைக்கு உள்ளாகும் நிலை ஏற்பட்டது. பயணிகளையும் சேர்த்தால் 21,541 பேர். பெயர், படம், வண்டி எண் ஆகியவற்றோடு, பயணிகள் ஏறிய இடமும் இறங்கிய இடமும் அவற்றுள் அடங்கும். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது போன்று முன்னரே சோதித்துப் பாராதது அந்நிறுவனத்தின் குறையாகக் காணப்பட்டது. சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் 10,000 வெள்ளி தண்டம் விதித்தது.

40 நிமிடந்தானே என்று சிலர் சொல்லக்கூடும். அவ்வாறு சொல்வது பொருந்தாது. வங்கி அட்டையின் எண் வெளிப்பட்டால் புதிய அட்டை வாங்கலாம். ஒரு பெண் நாள்தோறும் இறங்கும் வீட்டு வாசலை மாற்ற இயலுமா? குழந்தையின் பிறந்த நாளையும் மைகிட் எண்ணையும் முகத்தையும் மாற்ற இயலுமா?

வீட்டினுள் கண்காணிப்புக் கருவி பொருத்தியிருக்கும் பெற்றோர் மற்றொரு நிகழ்ச்சியையும் அறிந்திருப்பது நலம். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், அமெரிக்காவின் வைஸ் நிறுவனத்தின் கருவிகள் மேகச் சேவைத் தடையினால் பல மணி நேரம் நின்றுபோயின. தடை நீங்கியதும் அத்தனை கருவிகளும் ஒரே வேளையில் திரும்பி வந்தன. சம்பள நாளன்று கடையில் கூட்டம் முட்டி மோதினாற்போல் இருந்த அந்நேரத்தில் சீட்டுகள் மாறிப்போயின. சுமார் 13,000 பேருக்கு அந்நியர் வீட்டுச் சிறு படங்கள் சென்றன. அவர்களுள் 1,504 பேர் அவற்றைத் தட்டிப் பெரிதாக்கியும் பார்த்தனர்.

இவற்றைப் படித்துவிட்டு மேகச் சேவையே வேண்டாமென்று ஒதுங்குவது அறிவுடைமையாகாது. வெள்ளத்தில் பிறப்புப் பத்திரத்தை இழந்த குடும்பத்திற்கு, மேகத்தில் இருக்கும் அதன் படம் எத்துணை உதவி என்பதை வெள்ளம் கண்டவர்கள் அறிவர். ஆயினும் நீண்ட கடவுச்சொல் திருடனைத் தடுக்குமேயன்றி, கடைப்பையனின் மறதியைத் தடுக்காது. அதற்கு எதிராக நம் கையில் உள்ளது ஒன்றே: எதனை அங்கே வைப்பது, எதனை வைக்காதிருப்பது என்னும் தெரிவு. ஏதோ ஒரு மனுவுக்காக எடுத்த அடையாள அட்டைப் படமும் சம்பளச் சீட்டின் படமும் வேலை முடிந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடப்பது பல இல்லங்களில் உண்டு. அவற்றை நீக்கிவிட்டால், மாறிப்போவதற்கு அங்கே பொருளே இராது.

உங்கள் கணக்கில் அறியாதவர் படமோ பெயரோ தோன்றினால் முதலில் வீட்டிலேயே விசாரியுங்கள். ஒரே கைத்தொலைபேசியை அண்ணனும் தங்கையும் அம்மாவும் பயன்படுத்தும் இல்லங்களில், முன்னவர் தம் கணக்கை மூடாது விட்டிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அவ்வாறு இல்லையெனில், அப்படத்தைத் திறந்து பார்த்தலும் நண்பர்களுக்கு அனுப்புதலும் கூடாது. நேரத்தைக் குறித்துக்கொண்டு, கணக்கிலிருந்து வெளியேறி, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுங்கள். அவர்கள் அந்நிறுவனத்திற்குத் தெரிவிப்பர்.

சட்டமும் இதில் துணை நிற்கின்றது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. எனினும் கூட்டரசு, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்துவதில்லை. பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவு நேர்ந்தால், நிறுவனம் 72 மணி நேரத்திற்குள் ஆணையருக்கும், அதன்பின் 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கும் அறிவிக்க வேண்டும் என்னும் விதி 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. சிங்கப்பூரிலும் 2021 பிப்ரவரி 1 முதல் இத்தகைய அறிவிப்புக் கடமை உண்டு. ஆகவே அத்தகைய அறிவிப்பு உங்கள் பெற்றோருக்கும் ஒருநாள் வரலாம். மோசடிக்காரரும் அதே நடையில் செய்தி எழுதுவர். ஆதலால் செய்தியிலுள்ள இணைப்பைத் தட்டாமல், அந்நிறுவனத்தின் செயலியைத் தாமே திறந்து பார்க்குமாறு அவர்களிடம் சொல்லுங்கள்.