பசுமைப் பற்றும் பசுமை வாழ்வும்: வன்னியில் நிலவும் நம்பிக்கைகளும் உண்மைகளும்

சுற்றாடலில் அக்கறை கொண்டவர்கள் தாங்கள் சொல்வதன்படி வாழ்கிறார்களா என்ற கேள்வி புதிதல்ல. 1970கள் முதல் உளவியலாளரும் சமூகவியலாளரும் இதை ஆராய்ந்து வருகிறார்கள். சொல்லுக்கும் செயலுக்கும் இடையில் இடைவெளி உண்டு என்பதில் அவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அந்த இடைவெளி எங்கே இருக்கிறது, எதனால் வருகிறது என்பதில்தான் பொதுப் பேச்சு தவறிவிடுகிறது. போர் முடிந்தபின் மரநடுகை, பொலித்தீன் தடை, சேதனப் பசளை, காற்றாலை என எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த வன்னிப் பெருநிலப்பரப்பில் இதைத் தெளிவாகவே பார்க்கலாம்.

நம்பிக்கை: சுற்றாடல் பற்று உள்ளவர் பூமிக்குக் குறைந்த சுமையையே ஏற்றுவார்.

ஜேர்மனியில் சுமார் ஆயிரம் பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதை நேரடியாகச் சோதித்தது. தம்மைச் சுற்றாடல் பற்றாளராகக் கருதியவர்கள் சிறிய பசுமைச் செயல்களைக் கூடுதலாகச் செய்தார்கள். ஆனால் வீடு, பயணம், உணவு எல்லாம் சேர்ந்த மொத்தச் சக்திப் பயன்பாட்டில் அந்தப் பற்று பெரிதாகத் தெரியவில்லை. அதைத் தீர்மானித்தது முதன்மையாக வருமானம். ஹங்கேரியில் 2012இல் வெளியான ஆய்வும் ஏறத்தாழ இதையே கண்டது.

இதன் மறுபக்கத்தை வன்னி தன் வாழ்வில் கண்டது. 1990 முதல் 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் மின்கலமும் சவர்க்காரமும் கிடைப்பதே அரிது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் இயக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அக்காலத்தில் வன்னி மக்கள் மிகக் குறைந்த எரிபொருளிலேயே வாழ்ந்தார்கள். அது எந்தக் கொள்கையாலும் வந்ததல்ல, தடையால் வந்தது. அந்தத் துன்பத்தைப் பசுமை வாழ்வென்று புகழ்வது அதை அனுபவித்தவர்களுக்குச் செய்யும் அநீதி. 2002இல் ஏ-9 வீதி திறந்ததும் எரிபொருளும் வாகனங்களும் வந்தன. கைக்கு எட்டியதை மக்கள் வாங்கினார்கள்.

இன்று இலங்கையில் ஒருவருக்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு. கனடாவில் அது சுமார் 14 தொன். ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு ஒருவர் விமானத்தில் வந்து திரும்ப இரண்டு முதல் மூன்று தொன் வரை ஆகும். ஊரில் மரம் நடப் பணம் அனுப்பும் புலம்பெயர்ந்த உறவினரின் அக்கறை உண்மையானது. இருபது ஆண்டுகளாகக் காணாத தாயைப் பார்க்க வருவதைக் குற்றமென்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பயணத்தின் கணக்கை நாலு கன்றுகள் ஈடுசெய்துவிடும் என்று எண்ணுவது தவறு.

நம்பிக்கை: மரம் நட்டால் கடமை முடிந்தது.

உலக சுற்றாடல் தினம் ஜூன் 5. அன்று பாடசாலைகளிலும் திணைக்கள வளாகங்களிலும் கன்று நடப்படுகிறது. ஆனால் வன்னிக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி முதல் மார்கழி வரைதான் நிலம் நனைந்திருக்கும். ஜூனில் சோழகக் காற்று வீசும், மண் வெடித்திருக்கும், குளங்கள் வற்றத் தொடங்கியிருக்கும். அந்நாளில் நட்ட கன்றுக்கு அடுத்த நான்கு மாதமும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். கட்டாக்காலி மாடுகளிடமிருந்து காக்க வேலியும் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் கன்று காய்ந்த குச்சியாகிவிடும். அது வந்த கறுப்புப் பொலித்தீன் பை குழியருகிலேயே மண்ணோடு கிடக்கும். வட மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக எடுத்துக்கொண்டது இந்த மண்ணின் பருவத்துக்கு ஏற்ற முடிவு. குளக்கட்டுகளிலும் வீதியோரங்களிலும் மழைக்கு முன் பனை விதை ஊன்றுவதும் அப்படித்தான்: ஊற்றுவார் இல்லாமலே முளைக்கக்கூடிய மரம் அது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளுக்கு ஈடாக ஊன்றப்படும் விதை காய்க்கப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும்.

நடுவதைவிடக் கனமான கேள்வி, ஏற்கெனவே நிற்கும் காடு பற்றியது. இலங்கையில் காடு அதிகம் எஞ்சியுள்ள மாவட்டங்களில் முல்லைத்தீவும் வவுனியாவும் அடங்கும். பாலை, முதிரை, வீரை, கருங்காலி எல்லாம் மெல்ல வளரும் மரங்கள். ஒரு முதிர்ந்த பாலை விழுந்த இடத்தில் இன்று வைக்கும் கன்று அதன் நிலையை அடைவதைப் பார்க்க நட்டவர் இருக்கமாட்டார். மரநடுகை விழாவுக்கு வருபவரின் புது வீட்டுக்கும் மணலும் கிரவலும் டிப்பரில்தான் வருகின்றன. அந்த மணல் எந்த ஆற்றுப் படுக்கையில் அள்ளப்பட்டது, அதற்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேட்பவர் குறைவு. அவருடைய பற்றை அளக்க வேண்டிய இடம் அதுவே. படம் எடுக்கப்படும் கன்று அதைக் காட்டாது.

நம்பிக்கை: பொலித்தீன் பையை விட்டுத் துணிப்பை எடுத்தால் போதும்.

டென்மார்க் அரசின் சுற்றாடல் அமைப்பு 2018இல் கணக்கிட்டபடி, பருத்திப் பையொன்று காலநிலைப் பாதிப்பில் மட்டும் மெல்லிய பொலித்தீன் பைக்கு ஈடாக வேண்டுமென்றால் அதை 52 தடவையாவது பயன்படுத்த வேண்டும். நீர் முதலிய ஏனைய பாதிப்புகளையும் கருத்தில் கொண்டால் அது 7,100 தடவை. ஆகவே ஒவ்வொரு கருத்தரங்கிலும் ஒரு புதிய துணிப்பை கொடுப்பதால் நன்மை இல்லை. வீட்டில் இருக்கும் பழைய உரப்பையே மேல். ஆனால் இந்தக் கணக்கில் வீதியிலும் குளத்திலும் சேரும் குப்பை அடங்கவில்லை. கிராமங்களில் பெரும்பாலான வீடுகளுக்குக் குப்பை வண்டி வராது. எரிப்பார்கள் அல்லது புதைப்பார்கள். அங்கே பொலித்தீனைக் குறைப்பது தனியாகவே நன்மை.

மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரலில் சரிந்து உயிர்களைக் கொன்ற பிறகு, அதே ஆண்டு செப்டெம்பரில் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் பெட்டியும் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பைகளும் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபரில் பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழல், குவளை, தட்டு, மாலை, இடியப்பத் தட்டு ஆகியனவும் தடைப்பட்டன. 2025 நவம்பர் முதல் சொப்பிங் பையைக் கடையில் இலவசமாகக் கொடுக்க முடியாது. இவற்றில் நடத்தையை விரைவில் மாற்றக்கூடியது கடைசியானதுதான். விலை பில்லில் தெரிகிறது. முன்னர் கோயில் அன்னதானங்களில் குளத்துத் தாமரை இலையிலும் வாழையிலையிலும் சோறு போட்டது இலை அருகில் கிடைத்ததால். சாப்பாட்டுக் கடைக்காரருக்கு இலை மலிவாகக் கிடைத்தால் லஞ்ச் சீற்றை விடுவது அவருக்குக் கடினமல்ல. கிடைக்காத ஊரில் அவரைப் பொறுப்பற்றவர் என்று திட்டிப் பயனில்லை.

நம்பிக்கை: மனமிருந்தால் ஒரே போகத்தில் சேதன வேளாண்மைக்கு மாறலாம்.

2021 மே மாதம் இரசாயனப் பசளையினதும் கிருமிநாசினியினதும் இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. நஞ்சில்லா உணவு நல்ல இலட்சியந்தான். கணக்குத்தான் இடித்தது. யூரியாவில் 46 வீதம் நைதரசன் உண்டு. ஒரு அந்தர் யூரியாவில் 23 கிலோ. கூட்டெருவில் அது ஒன்று முதல் ஒன்றரை வீதமே. ஒரு அந்தர் யூரியா தரும் நைதரசனைப் பெற ஒன்றரை முதல் இரண்டு தொன்னுக்கு மேல் கூட்டெரு வேண்டும். அதுவும் பயிருக்கு மெதுவாகத்தான் கிடைக்கும். பட்டி மாடுகளைப் போரில் இழந்த கமக்காரர் அவ்வளவு எருவுக்கு எங்கே போவார்? தடை நவம்பரில் நீங்கியபோது காலபோக விதைப்பின் பெரும்பகுதி முடிந்திருந்தது. 2022இல் அறுவடையான காலபோக நெல், நாடளாவிய அளவில், முந்தைய காலபோகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது, அரிசி இறக்குமதியானது. யூரியாவுக்காக வரிசையில் நின்ற கமக்காரர் இயற்கைக்கு எதிரி அல்லர். விற்கும் நெல்லுக்குப் பசளை போட்டு, வீட்டுத் தேவைக்குப் போடாமல் மொட்டைக்கறுப்பன் விதைப்பவரும் அவர்களில் உண்டு.

நம்பிக்கை: காற்றாலையை எதிர்க்கும் பசுமைவாதி போலி.

பளையில் காற்றாலைகள் பல ஆண்டுகளாகச் சுழல்கின்றன. அதே கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரியில் 234 மெகாவோற், மன்னாரில் 250 மெகாவோற் என அதானி நிறுவனம் திட்டமிட்டது. மன்னார்த் திட்டத்துக்கு எதிராகச் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதை அது. மின்விலையை அரசு மீளப் பேச முற்பட்ட பின் நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. நிலக்கரியைக் குறைப்பதும் பறவையைக் காப்பதும் இரண்டுமே பசுமை இலட்சியங்கள். ஒரே நிலத்தில் மோதிக்கொண்டன. இங்கே கேட்க வேண்டியது கோபுரங்கள் எந்த இடத்தில் நிற்கும் என்பதே.

நம்பிக்கை: சொல்பவரே செய்யாவிட்டால் சொன்னது பொய்.

காலநிலை ஆய்வாளர்கள் மற்றத் துறை ஆய்வாளர்களைவிடக் கூடுதலாக விமானத்தில் பறக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் வெப்பம் குறைந்துவிடவில்லை. அவர்களின் அளவீடுகள் அப்படியே நிற்கின்றன. ஆனால் கேட்பவரின் நம்பிக்கை குறைகிறது. கூடுதலாகச் சக்தி செலவிடும் ஆய்வாளரின் அறிவுரையை மக்கள் பின்பற்றத் தயங்குவதை அமெரிக்காவில் 2016இல் வெளியான ஆய்வு கண்டது. அதே ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட தொடராய்வில், தம் பயன்பாட்டைப் பின்னர் குறைத்துக்கொண்டவர்மீது அந்த நம்பிக்கை பெருமளவு மீண்டது.